பிறத்தியான் அடித்த கோல்

யுத்தத்துக்குப் பிந்திய ஐரோப்பா எப்படி ஒன்றானது என்ற கேள்விக்கு நிலக்கரி, உருக்கு, ஒப்பந்தம், பொதுச் சந்தை என்று எழுதினால் முழுப் புள்ளி. உதைபந்து என்று எழுதினால் பாதிப் புள்ளி, பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி. எனக்குக் கிடைத்தது அந்தப் பாதிதான். விரிவுரையாளரிடம் விடைத்தாளோடு போய் நின்றேன். விளையாட்டை விளையாட்டாக எடுக்க வேண்டும் பிள்ளை என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே இதை எழுதுகிறேன். நிலக்கரி ஒப்பந்தத்துக்காக எந்தத் தேநீர்க் கடையில் யார் மேசையைத் தட்டிப் பேசினார்கள்? எந்தப் பிள்ளை தான் காணாத ஒரு தூரத்து நகரத்தின் பெயரை உருக்கு உற்பத்திக்காகப் பாடமாக்கியது?

ஐம்பதுகளின் நடுவில், பெரிய யுத்தம் முடிந்து பத்து வருடம் ஆகியிருந்தது. ஆங்கிலப் பத்திரிகை ஒன்று தங்கள் நாட்டுக் கழகமே உலகத்தில் சிறந்தது என்று பீற்றிக்கொண்டது. அப்படியென்றால் மற்றவர்களின் ஊருக்கும் போய் ஆடிக் காட்டட்டும் என்று பிரெஞ்சு விளையாட்டுப் பத்திரிகை ஒன்று எழுதியது. அந்தச் சண்டையில் பிறந்ததுதான் ஐரோப்பியக் கிண்ணம். உன் ஊரில் ஒரு ஆட்டம், என் ஊரில் ஒரு ஆட்டம். குண்டு போட்டவனின் நகரத்துக்குக் குண்டு வாங்கியவன் ரயில் கோச்சியில் போய் இறங்கினான், பந்தோடு. முதல் வருடம் இங்கிலாந்தின் சம்பியனை அவர்களுடைய மேலிடமே போகவிடாமல் தடுத்தது. அதற்கும் எனக்கு இன்றுவரை கோபம்.

இதெல்லாம் நான் புத்தகத்தில் படிக்க முன்னரே மாமா சொன்னவை. மாமா என்றால் அம்மாவின் தம்பி. சுவிசில் ஒரு உணவகத்தின் குசினியில் எட்டு வருடம் கோப்பை கழுவிவிட்டு, விசா மறுக்கப்பட்டுத் திரும்பி வந்தவர். அந்தக் குசினியில் சமையற்காரர் ஒரு வயதான இத்தாலிக்காரர், மரக்கறி வெட்டியவர் ஒரு ஹங்கேரிக்காரர். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை இல்லை. ஆனால் அவர்கள் சின்னப் பிள்ளைகளாய் இருந்தபோது எந்தப் புதன்கிழமை எந்த ஊரில் யார் எந்தக் காலால் அடித்தார் என்பது இருவருக்கும் தெரியும். ஒருவர் ஒரு பெயரைச் சொன்னால் மற்றவர் அடுத்த பெயரைச் சொல்லுவார். பதினொன்றும் முடிந்ததும் இருவரும் சிரித்துக்கொண்டு உருளைக்கிழங்குக்குத் திரும்புவார்கள். மாமா ஊருக்குக் கொண்டுவந்த சொத்து என்று பார்த்தால் ஒரு குளிர் சட்டையும் இந்தக் கதையும்தான்.

எங்கள் பக்கத்தில் வாவிக்கு இரண்டு கரை. சூரியன் எழும் பக்கம், கடலுக்கும் வாவிக்கும் நடுவே நீண்டு கிடப்பது எழுவான்கரை. சூரியன் படும் பக்கம், வயலும் குளமுமாய்க் கிடப்பது படுவான்கரை. சண்டைக் காலத்தில் ஒரு கரை இராணுவத்தின் கையிலும் மறுகரை இயக்கத்தின் கையிலும் இருந்தது. எனக்குப் பதினொரு வயதானபோது சண்டை ஓய்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன, ஆனாலும் அக்கரைப் பேச்சு வந்தால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் குரலைத் தணித்துக்கொள்வார்கள். மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. ஐரோப்பாவுக்கு முடிந்தது எங்களுக்கு ஏன் முடியாது என்று வீடுவீடாகப் போய்க் கேட்டார். கடைசியில் இக்கரையில் இரண்டு ஊர், அக்கரையில் இரண்டு ஊர், நாலு அணிகளை வைத்து ஒரு கிண்ணம் தொடங்கினார்.

விதிகளை எழுதும் வேலை எனக்கு வந்தது. வகுப்பில் தமிழுக்கு முதலாம் பிள்ளை, கையெழுத்து அச்சுப் போல இருக்கும், போதாததற்கு எனக்கு உதைபந்து விசர். மாமா நடந்துகொண்டே சொல்ல, நான் எழுதினேன். ஒரு இடத்தில் அவர் நின்றார்.

“அவே கோல் எண்டு ஒண்டு இருக்கி. வெளியில இருந்து வாறவன் அடிக்கிற கோல். அதுக்கு மதிப்புக் கூட. நல்ல தமிழில எழுது புள்ள.”

வெளியில் இருந்து வருகிறவன் என்பது எனக்குச் சப்பென்று இருந்தது. யோசித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, இப்படி எழுதினேன்: ‘இரு ஆட்டங்களின் முடிவிலும் கோல்கள் சமமாயின், பிறத்தியான் அடித்த கோல் இரண்டாகக் கொள்ளப்படும்.’ பிறத்தியான் என்றால் எங்கள் ஊரில் அந்நியன், ஒட்டுறவு இல்லாதவன். வாசித்துவிட்டு மாமா என் தலையைத் தடவினார். நாலு பிரதி எடுத்து நாலு ஊருக்கும் கொடுத்தோம்.

இனி அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். அப்பா பிறந்தது படுவான்கரையில், வெல்லாவெளிக்குப் போகும் வழியில் ஒரு ஊர். அம்மாவைக் கட்டி எழுவான்கரைக்கு வந்தார். மேசன் வேலை, பேச்சுக் குறைவு, பந்தென்றால் இடது கால் மட்டும் பொல்லாதது. சண்டைக் காலத்தில் வாவியைக் கடக்கும் துறையில் மறித்து எந்தப் பக்கத்து ஆள் என்று கேட்பார்களாம். இங்கே அவரை அக்கரையான் என்றார்கள், அங்கே இக்கரையான் என்றார்கள். அவருடைய தகப்பன் செத்தபோது துறை மூடியிருந்தது. மூன்று நாள் கரையில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். அக்கரையில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது, மகன் வரவில்லை. அவருடைய அக்கா, எனக்கு மாமி, அதற்குப் பிறகு அவரோடு கதைக்கவில்லை. இதெல்லாம் அம்மா பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் மாமி கோபக்காரி என்பது மட்டும்.

இறுதிப் போட்டிக்கு வந்தது அப்பா ஆடிய எங்கள் ஊரும் அவர் பிறந்த ஊரும். முதல் ஆட்டம் எங்கள் மைதானத்தில் கோல் இல்லாமல் முடிந்தது. இரண்டாவது ஆட்டத்துக்குக் குருமண்வெளித் துறையில் பாதை ஏறினோம். பாதை என்று நாங்கள் சொல்வது தரையில் கிடப்பதை அல்ல. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் பெரிய மிதவை. விதித் தாளை நெஞ்சோடு அணைத்தபடி நான் முன்னால் நின்றேன்.

அறுவடை முடிந்த வயல் வட்டையில்தான் ஆட்டம். நெல்லின் அடிக்கட்டை காலைக் குத்தும், பந்து நினைத்த பக்கம் துள்ளும். ஊரே வரம்பில் உட்கார்ந்திருந்தது. முதற் பாதியில் அவர்கள் ஒன்று அடித்தார்கள். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது அப்பா இடது காலால் ஒன்று அடித்தார். பந்து தூணில் பட்டு உள்ளே போனது. ஒன்றுக்கு ஒன்று. நான் விதியைப் பாடமாக்கி வைத்திருந்தவள். வெளியூரில் அடித்த கோல் இரண்டு, ஆகவே கிண்ணம் எங்களுக்கு. ஊதல் ஊதியதும் தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினேன்.

நடுவர் கல்குடாப் பக்கத்தில் இருந்து வந்த ஒரு உடற்பயிற்சி ஆசிரியர். இரண்டு கரையிலும் சொந்தபந்தம் இல்லாதவர் என்பதற்காகவே மாமா தேடிப்பிடித்தவர். தாளை வாங்கி, அந்த வரியை எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாக வாசித்தார். வாசித்து முடிய முதலே அவர்களுடைய கப்டன் முன்னால் வந்தார். அப்பாவோடு ஒரே வகுப்பில் படித்தவர்.

“ஆர் பிறத்தியான்? இந்தக் குளக்கட்டில இருந்து என்னோட ஒண்டாப் பாய்ஞ்ச ஆள் இவர். எங்கட கோயில்ல இவர்ர தாய்வழிக் குடிக்கு ஒரு நாள் திருவிழா இருக்கி. பிறத்தியானுக்கு ஆர் திருவிழாக் குடுக்கிற?”

எங்கள் கப்டன் விடவில்லை. பதின்மூன்று வருடமாய் எங்கள் ஊர்த் தண்ணீர் குடிக்கிறார், எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தகப்பன், எங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு அடித்தார், அவர் எங்கள் ஆள் என்றார். அப்போது வரம்பில் இருந்து ஒருவர், யாரென்று தெரியாது, எழும்பாமலே சொன்னார்.

“மாப்பிள்ளையத்தானே தந்த நாங்க. கோலையும் சீதனமாத் தரவோ?”

ஊரே சிரித்தது. எங்கள் ஆட்களிலும் இரண்டு பேர் சிரித்ததை நான் கண்டேன். எனக்குக் காது சுட்டது. இது என்ன நியாயம்? தோற்கிற நேரம் ஒரு மனிதனைத் தங்கள் ஆள் என்று சொல்லிக் கோலைப் பிடுங்குவதா? எங்கள் ஆள், எங்கட ஆள் என்று இரண்டு பக்கமும் மாறி மாறிக் கத்தியது. அரை மணித்தியாலம் போனது. அப்பா மட்டும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, இவர்கள் வாயையும் அவர்கள் வாயையும் பார்த்தபடி நின்றார்.

நடுவர் தாளை மூன்றாம் தரமும் வாசித்தார். எதிரணியின் மைதானத்தில் அடித்த கோல் என்றுதான் எல்லா இடத்திலும் இருக்கும், இதில் அப்படி இல்லையே, யார் எழுதியது என்று கேட்டார். நான் பெருமையாகக் கை உயர்த்தினேன். மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

இன்றைக்கும் சொல்கிறேன், அது வெளியூர்க் கோல்தான். உலகத்தில் எந்த விதிப் புத்தகத்தை விரித்தாலும் அது வெளியூர்க் கோல். ஐரோப்பாக்காரர்களே இப்போது அந்த விதியை எடுத்துவிட்டார்கள், அது வேறு கதை. அன்றைக்கு இருந்தது. பிழை என் தமிழில்தான் இருந்தது. அதற்காக ஒரு கிண்ணத்தையே பறிக்கலாமா?

நடுவர் கடைசியில் அப்பாவைப் பார்த்தார்.

“தாளில உள்ளபடிதான் என்னால செய்ய ஏலும். நீங்களே சொல்லுங்க அண்ணன். இந்த ஊருக்கு நீங்க பிறத்தியானோ?”

ஓம் என்று ஒரு சொல். அவ்வளவுதான் தேவை. எங்கள் அணி முழுவதும் அவர் வாயையே பார்த்தது. அவருக்குப் பதிலாக நானே சொல்லிவிடலாம் போல எனக்கு இருந்தது. அப்பா நடுவரைப் பார்க்கவில்லை. வரம்புக்கு அப்பால், விருந்துக்காகச் சோற்றுப் பானைகள் வைத்திருந்த இடத்தைப் பார்த்தார். அங்கே மாமி அகப்பையோடு நின்றா. காலையில் இருந்து அவ இந்தப் பக்கம் திரும்பியதே இல்லை. இப்போது திரும்பியிருந்தா.

“கேக்கிறாரெல்லோ. சொல்லன் தம்பி.”

அப்பா பந்தைக் கீழே வைத்தார்.

“இல்ல சேர். நான் இஞ்சத்த ஆள்தான்.”

அவ்வளவுதான். இரண்டு சின்ன வசனத்தில் எங்கள் கிண்ணம் போனது. கோல் ஒன்றாகவே நின்றது, ஆட்டம் சமம். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் சமமானால் நாணயம் சுண்டியும் தீர்த்திருக்கிறார்கள் என்று விதியில் மாமாவே எழுதச் சொல்லியிருந்தார். சுண்டினார்கள். எங்கள் கப்டன் தலை கேட்டார், பூ விழுந்தது.

வென்றவர்கள் தோற்றவர்களுக்குச் சோறு போட்டார்கள். மருத மரத்தின் கீழ் எங்களை வரிசையாக இருத்தி இலை போட்டார்கள். அப்பா அந்த வரிசையில் இல்லை. மாமி அவரைத் தன் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போயிருந்தா. எங்கள் ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே மூன்று தரம் சோறு வாங்கினார்கள். மாமா ஐரோப்பாவில் இப்படி ஒருநாளும் நடக்காது என்று வாயில் சோற்றோடு சொல்லிக்கொண்டிருந்தார். நான் இலையைத் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் மாமி வெளியே வந்து என் முன்னால் குந்தினா.

“என்னகா, பட்டினி கிடந்தா கோல் கூடுமா? உள்ளுக்கு வா மகள். கொப்பாவோட இருந்து சாப்பிடு.”

என்னிடம் இருந்த ஆயுதம் ஒன்றே ஒன்றுதான். நானே தேடி எழுதிய சொல்.

“பிறத்தியார் வீட்டில நான் சாப்பிடமாட்டன்.”

மாமியின் முகம் எப்படி மாறியது என்று இன்றைக்கு என்னால் வரைந்து காட்ட முடியும். அன்றைக்கு அது எனக்கு ஒரு வெற்றியாகப் பட்டது. அவ எழும்பிப் போய், ஒரு சட்டி எருமைத் தயிரைக் கொண்டுவந்து, துணியால் அதன் வாயைக் கட்டி, என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனா.

பின்னேரம் பாதை ஏறினோம். துறை வரைக்கும் அவர்களுடைய ஊர்ப் பொடியன்கள் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார்கள், அடுத்த வருடம் வாருங்கள் என்று கை காட்டினார்கள். எங்கள் ஆட்கள் சிலரும் கை காட்டினார்கள். வெட்கமில்லாதவர்கள் என்று நினைத்தேன். அப்பா என் பக்கத்தில் வந்து இருக்கப் பார்த்தார். நான் தயிர்ச் சட்டியை நடுவில் வைத்து இடத்தை அடைத்தேன். அவர் எழும்பிப் பாதையின் பின்பக்கம் போய், நாங்கள் விட்டு வந்த கரையைப் பார்த்தபடி நின்றார். மற்ற எல்லோரும் வீட்டுப் பக்கம் பார்த்து இருந்தோம், அவர் மட்டும் மறுபக்கம்.

நடு வாவியில் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அப்பா சட்டையைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. தான் செய்த வேலை இப்போதுதான் அவருக்கு உறைக்கிறது, கிண்ணம் போன கவலையில் அழுகிறார், நன்றாக அழட்டும் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.