வெறுங்கையோடு வாங்கண்ணே

என் வீட்டுக்காரருக்குக் கல்லீரலில் கட்டி, அது புற்றுநோய்தான் என்று தெரிந்ததும் எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸே ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக வந்து பார்த்தது. நோயாளியைப் பார்க்க யாராவது கையை வீசிக்கொண்டு வருவார்களா? இவரோடு ஃபேக்டரியில் ஒரே ஷிஃப்டில் இருந்த சிநேகிதர் மட்டும் அயனம்பாக்கத்திலிருந்து மாத்திரை டப்பாவோடு வருவார்.

“ஆன்ட்டி ஆக்ஸிடன்ட் தங்கச்சி. ஒடம்புல கீற விஷத்தயெல்லாம் தொடச்சி எட்த்துரும். மச்சான் எய்ந்து ஓடுவான் பாரு!”

இவரும் சமர்த்தாக விழுங்குவார். நான் நீட்டும் கஞ்சிக்கு மட்டும் வாய் திறக்காது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சிகிச்சைக்குப் போனபோது டப்பாக்களை டாக்டரிடம் காட்டினேன்.

“இது கட்டியைக் குறைக்கும்னு நிரூபணம் இல்லைம்மா. நல்ல செல்லைக் காப்பாத்துற மாதிரி புற்றுநோய் செல்லையும் காப்பாத்திடுமோன்னு சந்தேகம் இருக்கு. பழம், காய் சாப்பிடட்டும். மாத்திரை வேண்டாம்.”

வீட்டில் சண்டை. “ஆசையா கொண்டாறான். வேணாம்னா அவன் மனசு நோவும்டி” என்றார்.

“உங்க உசுரவிட அவர் மனசு பெருசா?” என்று கத்திவிட்டு, சிநேகிதருக்கு நானே போன் செய்து சொன்னேன்.

“அய்யோ, நானே அவனுக்குக் கெடுதல் பண்ட்டனா?” என்றவர், அதன்பின் வரவேயில்லை.

இவர் வாசலைப் பார்த்தபடியே கிடந்தார். சாப்பாடு இன்னும் குறைந்தது. இப்படியே போனால் அடுத்த சிகிச்சையை உடம்பு தாங்காது என்றார் டாக்டர். ஆட்டோ பிடித்து அயனம்பாக்கம் போனேன்.

“இன்னாத்த கொண்டாறதுன்னே தெர்ல தங்கச்சி. சும்மா வந்து எப்டி மூஞ்சியக் காட்றது?”

“அந்த மூஞ்சியத்தான் அவரு தேடுறாரு. கெளம்புங்கண்ணே.”

வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் லுங்கியைத் தடவிக்கொண்டிருந்தார்.

“இன்னாடா, வயி மறந்துட்டியா?” என்றார் இவர். அவ்வளவுதான். பழைய ஃபோர்மேன் நடந்த நடையை அவர் நடந்து காட்ட, இவருக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. நடுவில் இட்லித் தட்டை வைத்தேன். பேச்சோடு பேச்சாக இரண்டு இட்லி உள்ளே போய்விட்டது.

காலையிலிருந்து நான் கெஞ்சின கெஞ்சலுக்கு ஒரு விள்ளல் இறங்கவில்லை, பாவி மனுஷனுக்கு. எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது இட்லியை வைத்தேன்.