கதவில் தெரியும் முகம்

காருக்குப் பூசும் மெழுகு டப்பாவைத் திறந்ததும் அப்பாவின் வாடகை அம்பாசடர் வாசனை வந்தது. முத்தையாபுரத்தில் நிலக்கரித் தூசியும் உப்புக்காற்றும் பெயின்டைத் தின்றுவிடும். உப்புக் கரிக்கும் போர்வெல் தண்ணீரில் கழுவிவிட்டு மெழுகு பூசினால் உப்பும் உள்ளேயே தங்கிவிடும் என்பதால், நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் குடிதண்ணீரில் ஒரு குடம் காருக்குப் போகும்.

"ஏளா, நல்ல தண்ணி கொண்டா" என்பார் அப்பா.

"பிள்ளைக குடிக்க வேண்டாமா?" என்று முனகிக்கொண்டே அம்மா கொடுப்பாள். கார்க் கதவில் முகம் பார்த்து அவள் பொட்டைச் சரிசெய்யும் வரை அப்பா துடைப்பதை நிறுத்தமாட்டார். தெருவில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் பெண் ஏறுவது எங்கள் காரில்தான்.

இன்று என் காரைக் கழுவ, நான் கேட்காமலேயே அம்மா குடிதண்ணீர் கேனைத் தூக்கி வந்தாள். மெழுகு பூசித் துடைக்கத் துடைக்க, பக்கத்திலேயே நின்றாள். பிறகு கதவருகே குனிந்தாள்.

"முகம் தெரியுதுளா" என்றாள். "இனி துணியக் கீழ வையி."