பத்துக்குப் பத்து வாங்கிய மாரிசாமி

மாரிசாமி அண்ணனைப் பயந்தாங்கொள்ளி என்று எங்கள் கம்பெனியில் யாரும் சொன்னதில்லை. சொந்த ஊரான கௌதள்ளியில் சோளக்காட்டுக்குள் யானை புகுந்தபோது தகரத்தைத் தட்டிக்கொண்டு முன்னால் நின்ற ஆள். மைசூருக்கு வந்து பதினாறு வருஷமாக இந்தப் பினாயில் கம்பெனியில் டிரம் உருட்டுகிறார். அப்படிப்பட்ட மனுஷன் நடுங்கியதை நான் பார்த்தது, பரீட்சையில் பத்துக்குப் பத்து வாங்கிய பிறகுதான்.

போன வருஷம் கம்பெனியில் ஒரு புது விதி வந்தது. டிரம்மில் ஒட்டியிருக்கும் ஆங்கில லேபிளைப் படிக்கத் தெரிந்தவர்தான் இனி லைன் லீடர். அவர்களுக்குத்தான் பர்மனென்ட். பாதுகாப்பு அதிகாரி வினிதா மேடம் பரீட்சை வைப்பார். ஒரு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பத்தி, கீழே பத்துக் கேள்வி. பத்தியில் விடையைத் தேடி எழுத வேண்டும். விதியில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கோபமெல்லாம் எங்கள் மேல்தான்.

எங்களில் முக்கால்வாசிப் பேர் பத்தாவது பாஸ். ஆங்கில எழுத்து தெரியும். எழுத்துக் கூட்டிச் சத்தம் போட்டுக்கூட வாசிப்போம். அர்த்தம்தான் தெரியாது. பின்னே எப்படிப் பாஸானோம்? அதை மாரிசாமி அண்ணன்தான் கேண்டீனில் மூன்று நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்கு நினைவுபடுத்தினார்.

"பயப்படாதீங்க. கேள்வியில குண்டலுபேட்டைன்னு ஒரு வார்த்தை இருக்குதுன்னு வெச்சுக்குங்க. பத்தியில குண்டலுபேட்டை எங்க நிக்குதுன்னு பாருங்க. அங்க எறங்கிருங்க. அதுக்கு முன்னால இருக்கற புள்ளியிலிருந்து பின்னால இருக்கற புள்ளி வரைக்கும் அப்படியே எழுதிருங்க. பஸ்ஸுல போறவனுக்கு ஊருக்குள்ள என்ன இருக்குதுன்னு தெரியோணுமா?"

எல்லோரும் சிரித்தோம். பள்ளிக்கூடத்தில் நாங்கள் செய்ததும் அதேதான். பரீட்சையில் பன்னிரண்டு பேர் பாஸானோம். எனக்கு எட்டு மார்க். அண்ணனுக்குப் பத்துக்குப் பத்து. மேடம் கைகுலுக்கி லைன் லீடருக்கான பச்சைத் தொப்பி கொடுத்தார். ஆறு பேர் அவருக்குக் கீழே வந்தார்கள். பக்கத்து பேக்கிங் லைனுக்கு நான் லீடர் ஆனேன்.

அன்றைக்குச் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் என்னிடம் சொன்னார்: "காவேரி, பாஸானதிலிருந்து ஒரே பயமா இருக்குது. தெரியாத டிரம் ஒண்ணு வந்துச்சுன்னா என்ன பண்ணுவேன்?"

"அதெல்லாம் எப்பவும் வர்ற டிரம்தானுங்கண்ணா வரும்" என்றேன். சொன்ன எனக்கே நம்பிக்கை இல்லை. புது டிரம்மோ கேனோ வந்தால் லேபிளைப் படித்துவிட்டோம் என்று நோட்டில் லீடர் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் என் விரல் வியர்க்கும். யாரிடமாவது காட்டலாம் என்றால், போனைக் காலையிலேயே கேட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

மூன்றாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி. லாரியிலிருந்து இறக்கும்போது ஒரு புது டிரம் கவிழ்ந்து வெள்ளைத் தூள் தரையெல்லாம் சிந்தியது. எங்களுக்கு எது சிந்தினாலும் தண்ணீர்தான். அண்ணன் லைனில் வேலை செய்யும் லிங்கப்பன் ஹோஸ் பைப்பை இழுத்துக்கொண்டு வந்தார். வயதில் மூத்தவர் என்றாலும் அண்ணனிடம் கேட்காமல் திறக்க மாட்டார்.

"தண்ணி அடிச்சுரலாமா, மாரிசாமி?"

அண்ணன் லேபிளுக்கு முன்னால் குந்தினார். விரல் வரிவரியாகப் போய், ஒரு இடத்தில் நின்றது. தண்ணீருக்கான ஆங்கில வார்த்தை அங்கே இருந்தது. புள்ளியிலிருந்து புள்ளி வரைக்கும் அந்த வரியை விரலால் தடவினார். பரீட்சையாக இருந்தால் அது முழு மார்க் வாங்கும் விடை. அடி என்கிறதா, அடிக்காதே என்கிறதா என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை. அவருடைய பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டதை நான் பார்த்தேன். எட்டிப் பார்த்த எனக்கும் தெரியவில்லை.

"சீக்கிரம் சொல்லப்பா, எல்லாரும் மிதிக்கறாங்க" என்றார் லிங்கப்பன். அவர் கை குழாயில் இருந்தது.

அண்ணன் எழுந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "தொடாதீங்க. எல்லாரும் வெளிய போங்க. காவேரி, மேடத்தக் கூட்டிட்டு வா. எனக்குப் படிக்கத் தெரியலன்னு சொல்லு."

மேடம் ஓடிவந்து ஒரே பார்வையில் படித்தார். "தண்ணி பட்டா தீப்பிடிக்கும். விஷப்புகை வரும்" என்றார். மெயின் வால்வை அவரே மூடினார். பிறகுதான் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"நீங்க பத்துக்குப் பத்து வாங்கினீங்க, ஹௌதா, ஆமாதானே?"

"உங்க கேள்வியிலயே வார்த்தை இருந்துச்சுங்க மேடம். அதப் பத்தியில தேடிப் புடிச்சு எழுதினேன். என்ன எழுதினேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாதுங்க." தொப்பியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். தலை குனிந்திருந்தாலும் குரல் நடுங்கவில்லை. மூன்று மாதத்தில் அன்றைக்குத்தான் அவர் பழைய மாரிசாமியாகப் பேசினார்.

மேடத்தின் முகம்தான் வெளுத்துப்போனது. "இதே டெஸ்ட்ல பாஸானவங்க இன்னும் பதினோரு பேர் இருக்காங்க" என்று தனக்குள் பேசுவதுபோலச் சொன்னார். பிறகு என் பச்சைத் தொப்பியைப் பார்த்தார். "காவேரி, நீங்க?"

காலையில் என் லைனுக்கு ஒரு புது நீலக் கேன் வந்திருந்தது. லேபிள் புரியாமலே நோட்டில் கையெழுத்துப் போட்டிருந்தேன். ஏழு பேர் அப்போதும் வெறுங்கையோடு அதிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.