வளையாத போஸ்ட்

வீரபாண்டிக்கு வயது அறுபத்தாறு. அதில் பாதிக்கு மேல் வட்டவடைக்கும் மூணாறுக்கும் நடுவே ஜீப் ஓட்டியே கழிந்தது. இதுவரை ஒரு விபத்துகூட இல்லை என்பதை வண்டியில் ஏறுகிற எல்லோரிடமும் சொல்வார். கேட்காதவர்களிடம் இரண்டு முறை சொல்வார்.

போன மழை முடிந்த கையோடு, அவர் வீட்டுக்கு எதிரே நின்ற கரண்ட் போஸ்ட் வளையத் தொடங்கியது. இடுப்பு ஒடிந்து நிற்கிறது என்று மின்வாரிய ஆபீசில் போய்ச் சொன்னார். லைன்மேன் சுடலைமணி வந்து பார்த்துவிட்டு, நேராகத்தான் இருக்கிறது என்றான். வீரபாண்டிக்கு அவன்மேல் பரிதாபமே வந்துவிட்டது.

"தம்பி, இந்த வயசுலயே கண்ணு இப்படின்னா கரண்டு வேலைக்கு ஆகாதுப்பா. போய் செக் பண்ணிக்க."

சுடலைமணி போஸ்ட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

மற்றபடி உலகத்தில் உள்ள கோளாறுகளுக்கெல்லாம் வீரபாண்டியிடம் காரணம் இருந்தது. பேப்பரில் வரிகளுக்கு நடுவே எழுத்து அழிந்திருந்தால் அச்சடித்தவன் சோம்பேறி. எதிரே வருகிறவரின் முகம் மங்கினால் பனி. நேர்க்கோடு வளைந்து தெரிவது கண் கெடுவதற்கு அடையாளம் என்று யாராவது சொல்லியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. ரோடும் வரப்பும் முட்டைக்கோஸ் பாத்தியும் வளைந்தே கிடக்கிற ஊரில் புதிதாக ஒரு வளைவை யார் கண்டுபிடிப்பது?

கண்டுபிடித்தது அவர் மனைவி சுருளியம்மாள். கேரட் மூட்டையோடு ரோட்டில் நின்று ஜீப்பைப் பார்த்துக் கை காட்டினாள். ஜீப் நேராக அவளை நோக்கியே வந்தது. கடைசி நொடியில் பக்கவாட்டில் பாய்ந்து விழுந்தாள். மூட்டைமேல் டயர் ஏறியது.

"ஓரத்துல நின்னிருந்தா தெரிஞ்சிருக்கும்ல?" என்று இறங்கி வந்து சத்தம் போட்டார் வீரபாண்டி.

"நட்ட நடுவுல நின்னேன்யா. இதவிடத் தெரியிற மாதிரி எங்க போயி நிக்க?"

மறுநாளே அவரைத் தேனிக்கு பஸ்ஸில் ஏற்றினாள்.

கண் டாக்டர் ஆர்த்தி கட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றதால் நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னார். வலது கண்ணுக்கு நடுவில் கட்டமே தெரியவில்லை; இடது கண்ணுக்குக் கோடுகள் நெளிந்தன. எங்கள் ஊர் ரோட்டை அப்படியே வரைந்திருக்கிறீர்கள் என்று பாராட்டினார் வீரபாண்டி. ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு அது என்றார் டாக்டர். அப்போதுதான் வீரபாண்டிக்குப் போஸ்ட் ஞாபகம் வந்தது.

விழித்திரையின் நடுப்பகுதி வயதால் தேய்கிற நோய் இது என்று டாக்டர் விளக்கினார். முழுக் குருடாக்காது; முகம், எழுத்து, எதிரே வருவது என்று நேராகப் பார்க்கிறதைத்தான் பறிக்கும். வலது கண்ணில் போனது திரும்பாது. இடது கண்ணில் புதிதாகக் கசிவு. உடனே ஊசி போட ஆரம்பித்தால் மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம். பீடியை விட வேண்டும். வண்டி ஓட்டவே கூடாது.

பீடிக்கு உடனே தலையாட்டினார். வண்டிக்குத்தான் வாதம்.

"ஓரமெல்லாம் பளிச்சுன்னு தெரியுதும்மா. எங்க ரோட்டுல ஓரந்தான் முக்கியம். அந்தப் பக்கம் அதலபாதாளம்."

"நடுவுல ஆள் நின்னா?" என்றார் டாக்டர்.

பக்கத்து நாற்காலியில் சுருளியம்மாள் இருந்தாள். ஆயுசுக்கும் சொல்லிக் காட்டக் கிடைத்த சந்தர்ப்பம். அவளோ முழங்கையில் இருந்த சிராய்ப்பின்மேல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். டாக்டர் பக்கம் திரும்பியிருந்த வீரபாண்டிக்கு, ஓரத்தில், அது நன்றாகவே தெரிந்தது.

சட்டைப் பையிலிருந்து ஜீப் சாவியை எடுத்து அவள் மடியில் போட்டார்.

இப்போது ஜீப்பை மருமகன் ஓட்டுகிறார். வீரபாண்டிக்கு அடுத்த ஊசி வருகிற திங்கட்கிழமை. அவரும் சுருளியம்மாளும் முதல் பஸ்ஸில் போகிறார்கள்.