சாய்ந்த கால் நாற்காலி

பழைய மரச்சாமான் விற்கிறவன் எதில் உட்கார்ந்திருக்கிறானோ, வருகிறவர்களுக்கு அதுதான் வேண்டும். நீங்களும் கடை வைத்திருந்தால் பட்டிருப்பீர்கள்.

கண்ணாடிக்காரர்

தர்மபுரியில், சேலம் ரோட்டில் என் கடை. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு வந்த மாடல்தான் இப்போது ஓடுகிறது. மெலிந்த கால், வெளிப்பக்கமாகச் சாய்ந்து நிற்கும். பிரம்பு முதுகு. பூ வேலை, சிங்கத் தலை எதுவும் கிடையாது. ரொம்ப வருஷம் சீந்த ஆளில்லை. இன்று பெங்களூரிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

அப்படி வந்தவர்தான், மூக்கில் தடித்த கண்ணாடியோடு, இந்தக் கண்ணாடிக்காரர். கடை நிறைய நாற்காலி. ஒன்றையும் பார்க்கவில்லை. என்னைச் சுற்றி வந்து, குனிந்து, கால்களைப் பார்த்தார். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கால்களை. "இது விற்கிறதுக்கு இல்லை" என்றேன். கைக்கட்டை என் முழங்கைக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். அதை விட்டால் நாள் முழுக்க எதில் உட்காருவது? இதே காலோடு கடத்தூரில் ஒரு டீப்பாய் இருக்கிறது, வாங்கித் தருகிறேன் என்று பேச்சை மாற்றினேன். அரை மனசாக ஒத்துக்கொண்டார். "டீப்பாய் வரலேன்னா இதுக்குத்தான் வருவேன் சார். நீங்க எழுந்திருக்கிற வரைக்கும் நிக்கிறேன்."

கடத்தூர் டீப்பாய்

போனிலேயே பேசி முடித்திருந்தேன். அசல் தேக்கு. வேனோடு போய் இறங்கினேன். வீட்டுக்காரர் தக்காளி போடுகிறவர், நல்ல மனுஷன். மோர் கொடுத்துவிட்டு, மூடியிருந்த துணியை எடுத்தார்.

நாலு காலும் கொடிக்கம்பம் மாதிரி நேராக நிற்கிறது. சாய்ந்த காலை எடுத்துவிட்டு வேப்பங்கால் பூட்டியிருக்கிறார். "ஏங்க?" என்றேன்.

"நாலும் கோணலா இருந்துச்சுங்க. அப்புடியே குடுத்தா நல்லா இருக்குமா? ஆசாரிய வூட்டுக்கே வரச் சொல்லி நேர் பண்ணிட்டேன். கூலி நீங்க ஒண்ணும் தர வேணாங்க."

பழைய கால்கள் எங்கே என்று கேட்டேன்.

"தேக்குல்லீங்களா? வெந்நிக்கு நல்லா எரிஞ்சுது."

மதியச் சாப்பாடு

அடுத்த வாரம் கண்ணாடிக்காரர் வந்துவிட்டார். டீப்பாய் இல்லை என்றேன். சரி என்று எதிரில் நின்றார். நானும் அசையவில்லை. காலை பத்து மணிக்கு ஆரம்பித்தது.

ஒரு மணிக்கு, கடைக்குப் பின்னாலிருக்கிற வீட்டிலிருந்து, என் வீட்டுக்காரி சாப்பாடு கொண்டு வந்தாள். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த நாற்காலி தாழ்வு. என் முட்டி பழசு. உட்காருவது என் பொறுப்பு, எழுப்புவது அவள் பொறுப்பு. வழக்கம்போலக் கையை நீட்டினாள். இன்னொரு கையைக் கண்ணாடிக்காரர் பிடித்தார். இரண்டு பேருமாக இழுத்து நிறுத்தினார்கள். நான் முதுகை நிமிர்த்துவதற்குள் அவள் நாற்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

"எடுத்துக்கிட்டுப் போங்க சார். தெனமும் நாலு வாட்டி இவரத் தூக்கி வுடறது நானுங்க, நாற்காலி இல்ல."

இப்போது பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். நானாகவே எழுந்துகொள்கிறேன், ஒருத்தரும் இதை விலை கேட்பதில்லை, கடையில் மற்றதெல்லாம் விற்கிறது.