பிஸ்கட் டின்னுக்குள் ஒரு டொக்டர் துண்டு

அவுஸ்திரேலியாவில், வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனில் இன்று இறங்கினால் தோசைக்கல்லின் மணம் மூக்கைத் தேடி வருகிறது. எழுபதுகளில் நாங்கள் அங்கே குடிவந்தபோது வந்தது வெட்டிய புல்லின் மணம். சனிக்கிழமை காலையில் தெரு முழுக்கப் புல் வெட்டும். பழுதான இயந்திரங்களெல்லாம் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்குத்தான் வந்து சேரும். அங்கே ஒரு தகப்பனும் மகனும் இருந்தார்கள். தகப்பன் இரண்டாம் உலக யுத்தத்துக்குப் போனவர். மகன் வியட்நாம் யுத்தத்துக்குப் போய் வந்தவன். தாய் இல்லை. இருவரும் ஒரு நாளைக்குப் பத்துச் சொல் பேசினால் அதில் ஆறு இயந்திரத்தைப் பற்றியதாக இருக்கும்.

எனக்கோ பேச்சென்றால் உயிர். மற்றவர்கள் முத்திரை சேர்ப்பதுபோல நான் ஆட்கள் சொல்வதைச் சேர்ப்பேன். அந்தக் கிழவரிடம் சுகம் கேட்டால், "நேற்றைப் போலத்தான், ஒரு நாள் பழசாய்" என்பார். மகன் தன் பட்டறையில் கிடக்கும் இயந்திரங்களைக் காட்டி, "இதுகள் சத்தம் போட்டால்தான் சுகமாய் இருக்கெண்டு அர்த்தம். மனிசர் அதுக்கு நேர் மறுவளம்" என்பான். அவர்கள் சொன்னது ஆங்கிலத்தில். என் மனதில் அது யாழ்ப்பாணத் தமிழில்தான் தங்கியிருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

நான் மனைவியின் விசாவில் தொங்கி வந்தவன். அவள் நேர்ஸ், அந்த நாட்டுக்குத் தேவைப்பட்டவள் அவள்தான். எனக்குத் தொழிற்சாலையில் பெட்டி அடைக்கும் வேலை. ஊரில் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் பியோனாகச் சேர்ந்து, சனம் கொண்டுவரும் மனுக்களை மேசைக்கு மேசை தூக்கிக்கொண்டு போகும்போதே வாசித்து வாசித்து ஆங்கிலம் பிடித்துக் கடைசியில் கிளாக்கர் ஆனவன் நான். எனக்குப் பள்ளிக்கூடம் அந்த மனுக்கள்தான். அதனால் என் ஆங்கிலம் எப்போதும் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்கும்.

அந்த ஆங்கிலத்தில் ஒருமுறை எங்கள் தெருவில் மழைத் தண்ணீர் ஓடும் கானைப் பற்றி நகரசபைக்கு எழுதினேன். மூன்று கிழமையில் கான் வெட்ட ஆள் வந்துவிட்டது. அதிலிருந்து தெருவில் எனக்கு ஒரு மரியாதை. அந்த மரியாதைதான் பக்கத்து வீட்டு மகனை ஒரு நாள் மாலை எங்கள் குசினிக் கதவடியில் கொண்டுவந்து நிறுத்தியது.

கையில் இரண்டு காகிதங்கள். ஒன்று படையிலிருந்து விலக்கிய பத்திரம். அதில் காரணம் என்ற இடத்தில், 'படைச் சேவைக்குப் பொருத்தமற்றவர்' என்று ஒரே வரி. மற்றது முகாம் டொக்டர் எழுதிக் கொடுத்த சின்னத் துண்டு. இவருக்கு நரம்புத் தளர்ச்சி, யுத்தத்தால் வந்தது, சிகிச்சை வேண்டும் என்று அதில் இருந்தது.

"மேட், இந்த ஒரு வரியை மாத்த வேணும்" என்றான். "'நோய் வருத்தத்தால் விலக்கினது' எண்டு வர வேணும். வேற ஒண்டும் வேண்டாம்."

கதிரையை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை, நின்றபடியே சொன்னான். வியட்நாமில் ஒரு வருடம் ஒழுங்காக இருந்தவன். அங்கே அவன் மேல் ஒரு குறையும் இல்லை. திரும்பி வந்து முகாமில் இருக்கும்போது ஒரு மத்தியானம் வெளியே லொறியின் பின்கதவு விழுந்த சத்தத்துக்குச் சாப்பாட்டு மண்டபத்து மேசைக்கடியில் படுத்துவிட்டான். பிறகு அணிவகுப்புக்கு வரச் சொன்னால் கால் வரவில்லை. களஞ்சிய அறைக்குள் இரண்டு நாள் ஒளிந்து இருந்தானாம். டொக்டர் ஒன்று எழுதினார், அதிகாரி இன்னொன்று எழுதினார். பத்திரத்தில் ஏறியது அதிகாரி எழுதியது.

"அப்பா ஒவ்வொரு ஏப்ரல் இருபத்தைஞ்சுக்கும் மெடல் குத்திக்கொண்டு நடக்கப் போவார். என்னையும் கூப்பிடுவார். நான் போறேல்லை. பொருத்தமில்லாதவன் எண்டு எழுதின பேப்பரை வைச்சுக்கொண்டு அதுக்குள்ள எப்பிடி நடக்கிறது? நான் உடைஞ்சனான், மேட். உதவாதவன் இல்லை."

ஏப்ரல் இருபத்தைந்தில் ஊர் முழுக்க யுத்தங்களில் இறந்த வீரர்களை நினைத்துக் கூடும். போய் வந்தவர்கள் பிரதான வீதியில் வரிசையாக நடப்பார்கள். பக்கத்து வீட்டில் மட்டும் பட்டறைக் கதவு சாத்தியபடி சுத்தியல் சத்தம் கேட்கும். காரணம் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

காகிதங்களை வாங்கிக்கொண்டேன். அவன் போனதும் மனைவி அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தாள்.

"இஞ்சேருங்கோ, உந்த நரம்பு வருத்தத்தைக் கடிதத்தில எழுதப் போறியளே?"

"அவன் அதைத்தானே கேக்கிறான்."

"அவன் கேப்பான். விசர் எண்டு ஒருக்கால் அரசாங்கப் பேப்பரில ஏறினால் பிறகு இறங்குமே? நாளைக்கு இந்தப் பெடியனுக்கு ஆர் பொம்பிளை குடுப்பினம்?"

ஆஸ்பத்திரியில் எல்லா வருத்தத்தையும் பெயர் சொல்லி அட்டையில் எழுதுகிறவள் அவள். வீட்டுப் படி ஏறினால் யாழ்ப்பாணத்தாள். ஆனால் பழியை அவள் தலையில் போட எனக்கு வாய் இல்லை. அவள் சொல்வதற்கு முன்பே என் பேனா அந்தச் சொல்லுக்குக் கிட்டப் போகக் கூசிவிட்டது. ஏன் கூசியது என்று எனக்குத் தெரியும்.

கச்சேரியில் நாங்கள் கண்ட வழி ஒன்றுதான். ஒருவனுக்கு ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் அவன் நல்லவன் என்று காட்டு. அத்தாட்சிப் பத்திரங்களை அடுக்கு. அவன் படித்த பள்ளித் தலைமை ஆசிரியர், தேவாலயப் பாதிரியார், புல் வெட்டும் இயந்திரம் கொடுத்துத் திருத்திய மூன்று வீட்டுக்காரர் என்று ஐந்து கடிதம் சேர்த்தேன். மனுவில், இவர் படையில் இருந்த காலம் முழுவதும் உடலாலும் மனத்தாலும் பூரண நலத்தோடு இருந்தார் என்று எழுதினேன். முகாமில் நடந்ததைச் 'சிறு காய்ச்சல்' என்றேன். டொக்டரின் துண்டை மடித்து, கோவில் திருநீறும் நூல்கண்டும் கிடந்த பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடினேன்.

கையெழுத்துக்கு அவனைக் கூப்பிட்டு முதற் பந்தியை வாசித்துக் காட்டினேன். மாட்சிமை பொருந்திய, தாழ்மையுடன், பாதம் பணிந்து என்று போய்க்கொண்டிருக்க அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்.

"மேட், ஒரு பக்கத்துக்குள்ள என்னை எத்தினை தரம் முழங்காலில விடுறாய்? துணிக்கடைக்குப் போய்ப் புதுக் காற்சட்டை வாங்க வேணும் போல இருக்கு."

"இது எங்கட முறை. கான் வெட்டினவங்களெல்லோ?"

"சரி, சரி. மிச்சத்தை நீயே வாசி." படையின் விலாசத்தைக் கடித உறையில் கண்டதும் அவன் அதைக் கவிழ்த்து வைத்தான். "எங்கை ஒப்பம் வைக்கிறது?"

வாசிக்காமல் வைத்துவிட்டுப் போனான். என்னை நம்பினான்.

இரண்டு மாதத்தால் பதில் வந்தது. அவன் திறக்கவில்லை. வேலிக்கு மேலால் நீட்டி, "நீ பார்" என்றான். எலுமிச்சை மரத்தடியில் நின்று வாசித்தேன். மிகவும் மரியாதையான கடிதம். விண்ணப்பதாரர் நலத்தோடு இருந்ததாக அவரே எழுதியிருப்பதாலும், காய்ச்சலுக்காக எவரும் விலக்கப்படுவதில்லை என்பதாலும், காரணத்தை மாற்ற இடமில்லை. மருத்துவச் சான்று ஏதும் இருந்தால் திரும்ப விண்ணப்பிக்கலாம்.

"என்னவாம்?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கில் ஒன்று வந்து நின்றதும் உண்மை. "உள்ளுக்கு வா" என்றேன்.

குசினியில் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னாலேயே டின்னைத் திறந்து துண்டை எடுத்து மேசையில் வைத்தேன். திருநீறு ஒட்டியிருந்தது. கடிதத்தை வாசித்துக் காட்டினேன். காய்ச்சல் என்ற இடத்தில் அவன் தலை நிமிர்ந்தது.

"காய்ச்சலோ?"

"நான்தான் எழுதினனான்."

"நான் சொன்ன ஒரே விஷயத்தை நீ டின்னுக்குள்ள வைச்சிட்டாய்." சத்தம் போடவில்லை. "அந்த அதிகாரியும் இதைத்தான் செய்தவன். அவனிட்ட டின் இல்லை, அவ்வளவுதான்."

இத்தனை வருடம் நான் சேர்த்த வார்த்தைகளில் என்னைக் கூனவைத்தது அது ஒன்றுதான்.

"ஏன்?" என்று கேட்டான்.

அதற்கு நான் சொன்ன பதில் என் வாய்க்கே புதிது. ஏனென்றால் அதை அதுவரை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

"எனக்கு ஒரு அண்ணன். பத்தொன்பது வயசில விசர் வருத்தம் வந்தது. கொழும்புப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரியில விட்டிருக்கு. ஊரில நாங்கள் தேயிலைத் தோட்டத்தில வேலை எண்டு சொன்னனாங்கள். வருஷத்துக்கு ஒரு புதுத் தோட்டத்தின்ர பேர் சொல்லுவம். அதைச் சொல்லிச் சொல்லி எனக்கு உண்மை எழுத வராமல் போச்சுது."

வெங்காயம் உரித்த கை நின்றுவிட்டது. மனைவி எழுந்தாள்.

"தோட்டத்தில பெரிய கணக்குப்பிள்ளை எண்டெல்லோ எங்கட கலியாணப் பேச்சில சொன்னவை?"

"ஓம்."

"ஏழு வருஷம். நான் ஒரு நேர்ஸ். என்னட்டையுமே ஒளிச்சனீங்கள்?"

"நீயும்தானே அண்டைக்கு எழுதாதேங்கோ எண்டனி."

"நான் ஊர் என்ன சொல்லும் எண்டதைச் சொன்னனான். நான் என்ன சொல்லுவன் எண்டு நீங்கள் ஒருக்காலும் கேக்கேல்லை."

எங்களுக்கிடையில் தமிழ் ஓடியதில் பக்கத்து வீட்டான் ஒன்றும் விளங்காமல் நின்றான். ஆனால் முகங்கள் விளங்கியிருக்க வேண்டும். தேநீர்க் கேத்தலை எடுத்துத் தானே தண்ணீர் பிடித்துக் கொதிக்க வைத்து மூன்று கோப்பை தேநீர் ஊற்றினான். எங்கள் வீட்டில் சீனி எங்கே இருக்கிறதென்று அவனுக்குத் தெரிந்திருந்தது. முதற் கோப்பையை அவளுக்குக் கொடுத்தான்.

அவள் அதைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினாள், அதுவும் ஆங்கிலத்தில், அவனிடம். "எங்கட ஆஸ்பத்திரியில ஒரு டொக்டர் இருக்கிறார். யுத்தத்துக்குப் போன ஆக்களைப் பாக்கிறவர். செவ்வாய்க்கிழமை நான் கூட்டிக்கொண்டு போறன். அவர் எழுதித் தருவார். இந்த மனிசன் கெடுத்ததை நாங்கள் திருத்துவம்."

"கான் நல்லாத்தான் வெட்டினவர்" என்றான் அவன்.

"கான் வேற" என்றாள் அவள்.

இரண்டாவது மனுவை நான் எழுதவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அவன் சொன்னான், என் கை எழுதியது. அவன் பட்டறையில், ஒரு இயந்திரத்தைக் கழற்றியபடியே சொன்னான். கை வேலையில் இருந்தால் வாய் வரும் என்றான். லொறிக் கதவு, மேசைக்கடி, களஞ்சிய அறை, அங்கே அரிசி மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தது எல்லாம் வந்தது. ஓரிடத்தில் பழக்கதோஷத்தில் 'தாழ்மையுடன்' என்று போட்டுவிட்டேன். எட்டிப் பார்த்து ஸ்பானரால் காட்டினான். வெட்டினேன். முடிவில் இரண்டரைப் பக்கம். அதனுடன் புது டொக்டரின் கடிதமும் அந்தப் பழைய துண்டும். திருநீறு முழுதாகப் போகவில்லை. அப்படியே அனுப்பினோம்.

அந்த இடைவெளியில் எங்கள் வீட்டில் பேச்சு குறைந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி நீல நிற விமானக் கடிதத் தாளைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள். "உங்கட தங்கச்சிக்கு எழுதுங்கோ. அண்ணருக்கு என்ன மருந்து குடுக்கினம் எண்டு கேளுங்கோ. மருந்தின்ர பேர் வேணும், தோட்டத்தின்ர பேர் வேண்டாம்" என்றாள். எழுதினேன். தங்கையின் பதிலில் மூன்று மருந்தின் பெயரும் அளவும் இருந்தன. மனைவி ஒன்றுக்குக் கீழே கோடிட்டு, இது கூடிப்போச்சு என்று திருப்பி எழுதச் சொன்னாள். அதன் பிறகு அண்ணனைப் பற்றிக் கேட்டுத் தங்கைக்கு மாதம் ஒரு கடிதம் போனது.

பக்கத்து வீட்டு மகனின் மனுவுக்குப் பதில் குளிர்காலம் முடிந்து வந்தது. இந்த முறை அவனே பிரித்தான். வேலிக்கு மேலால் தந்தான். புதுப் பத்திரம். காரணம் என்ற இடத்தில், 'மருத்துவக் காரணத்தால் படைச் சேவைக்குப் பொருத்தமற்றவர்'. பழையதோடு ஒப்பிட்டால் இரண்டு சொல்தான் வித்தியாசம். அந்த இரண்டையும் நான் இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். கிழவர் பின்வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போய் ஒரு சப்பாத்துத் தூரிகையும் பொலிஷ் டப்பாவும் எடுத்து வந்து மகன் பக்கத்தில் வைத்தார். ஏப்ரலுக்கு இன்னும் ஏழு மாதம் கிடந்தது.

அந்த ஏப்ரல் இருபத்தைந்துக்கு நானும் மனைவியும் பிரதான வீதி ஓரத்தில் நின்றோம். அவள் சேலைக்கு மேல் கோட்டுப் போட்டிருந்தாள். பாண்ட் வாத்தியம் முன்னால் வர, பின்னால் வரிசை. கிழவர் மெடல் நான்கும் மின்ன நேராக வந்தார். பக்கத்தில் மகன். பத்திரம் சட்டைப் பையில் இருந்தது. மடிப்பு வெளியே தெரிந்தது. ஒருவரும் கேட்கப்போவதில்லை, இருந்தும் கொண்டு வந்திருந்தான். பெரிய மேளம் அடிக்கும்போதெல்லாம் அவன் தோள் ஒரு சிறு துள்ளல் துள்ளியது, கால் தாளம் தவறியது. இரண்டு தரம் கிழவர் அதைப் பார்த்தார். மூன்றாம் தரம் அவரும் தன் காலை மாற்றி, மகன் வைக்கும் காலோடு வைத்தார். வரிசை முழுக்க இடது கால் வைக்க, அந்த இருவர் மட்டும் வலது காலில் வந்தார்கள்.

"ஏன் தகப்பன் காலை மாத்துறார்?" என்று மனைவி கேட்டாள்.

"மகன் பிழையாய் வைக்கிறான். அதுதான்."

அவள் அவர்கள் எங்களைக் கடந்து போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு பேரும் ஒண்டாத்தானே வைக்கினம்" என்றாள். "இதில எது பிழை?"