நான் வெளுத்த முகம்

எங்கள் ஊரில் அவர் பெயரை யாரும் சத்தமாகச் சொன்னதில்லை. அவர் காணாமல் போய் மூன்று வருடமாகிவிட்டது. இப்போதும் நான் சொல்லப்போவதில்லை. நான் அவ்வளவு பெரிய வீரன் இல்லை. ராஜபாளையத்தில் அவர் தலையிடாத இடத்தகராறு கிடையாது. அவர் பஞ்சாயத்துப் பேசினால் இடம் வேறு யாருக்கோ போகும், தகராறு மட்டும் உரியவனிடமே இருக்கும்.

எனக்கு அவர் முகத்தோடு மட்டும்தான் பழக்கம். ஃபிளெக்ஸ் கடையில் நான் டிசைனர். பிறந்தநாள், காதணி விழா, கோயில் பொங்கல், எதுவானாலும் கும்பிட்ட கையோடு என் கம்ப்யூட்டருக்குள் வந்துவிடுவார். ஒவ்வொரு தடவையும் முகத்தைக் கொஞ்சம் வெளுப்பேன். நரையைக் கறுப்பாக்குவேன். கண்ணுக்குக் கீழே தொங்கியதை எடுத்தேன், தாடையில் இருந்த வெட்டுத் தழும்பை அழித்தேன். என் தலையில் நிற்காத முடியை அவர் தலையில் வளர்த்தேன். ஒருநாள் கடைக்கே வந்து பார்த்தார்.

"ஏலே, இது நானாலே?"

எழுந்து நின்று தலையாட்டினேன்.

"நல்லாத்தாம்லே இருக்கு. இதையே வச்சுக்கோ."

வைத்துக்கொண்டேன். பழைய படத்தின் மேலேயே சேமிக்கிற சோம்பேறி நான். அசல் முகம் அப்படியே அழிந்துபோனது.

ஒருநாள் காலையில் தனியாகக் காரில் போனவர் திரும்பவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்புப் பாதையில் கார் நின்றது. சாவி அதிலேயே இருந்தது. கொன்று காட்டுக்குள் புதைத்துவிட்டார்கள் என்றார்கள். வழக்குக்குப் பயந்து மலை தாண்டிவிட்டார் என்றும் சொன்னார்கள். ஊரில் பாதிப் பேர் நிம்மதியாகத் தூங்கினார்கள். நானும் தூங்கினேன் என்பதை மறைக்கவில்லை.

கார் நின்ற மறுநாளே அவருடைய ஆட்கள் 'காணவில்லை' சுவரொட்டி அடிக்கச் சொன்னார்கள். இருந்த படத்தையே போட்டேன். பழக்க தோஷத்தில் கும்பிட்ட கையையும் விட்டுவிட்டேன். செண்பகத்தோப்பு வரைக்கும் ஒட்டினார்கள். தேர்தல் வருது போல என்று ஜனங்கள் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இருபது நாள் கழித்து அவர் மனைவி கடைக்கு வந்து, கிழித்து எடுத்த சுவரொட்டியை என் மேசையில் விரித்தார்.

"தம்பி, இது யாரு?"

"அண்ணாச்சிதான்க்கா."

"இந்த ஆளு எதுக்க வந்தா நானே விலகிப் போயிருவேன். தேடுதவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வீட்டுல வேற படம் இல்லையாக்கா?"

"சொவரு பூரா நீங்க அடிச்சதுதான். போன்ல எடுக்க விடமாட்டாவ, வழக்கு இருக்குல்லா. ஆதார் அட்டையப் பாத்தா பெத்த தாய்க்கே அடையாளம் தெரியாது."

பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் எடுத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தேன். "இன்னுங் கறுப்பு. கண்ணுக்குக் கீழ தொங்கும். தழும்பு காதுகிட்டருந்து வரும்" என்று திரையில் விரலால் கோடு இழுத்துக் காட்டினார். "முடிய எடுங்க. இன்னும்."

"இதுக்கு மேல எடுத்தா என்னைய மாதிரி ஆயிருவாருக்கா."

அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "இவியதான்."

மறுநாள் நாங்கள் இருவரும் அந்தப் படத்தை அச்சடித்த தாளோடு ஆட்டோவில் செண்பகத்தோப்புக்குப் போனோம். வழியில் மாந்தோப்பு ஓரம் ஒரு டீக்கடை. கடைக்காரர் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இவியளா? கார் நின்னுச்சுன்னு பேசிக்கிட்டாங்கள்ல, அதுக்கு மறுநாள் காலையில வந்தாவளே. இந்தா, இந்த பெஞ்சுலதான் செத்த நேரம் இருந்தாவ. பொறவு மேக்க பாத்து நடந்துட்டாவ."

"தனியாவா?"

"தனியாத்தான்."

கடைச் சுவரில் என் சுவரொட்டி ஒட்டியிருந்தது. அதைக் காட்டி, "அப்ப இவரு?" என்று கேட்டேன்.

"அவரு யாரோ கட்சிக்காரருன்னுல்லா நெனச்சேன்."

அந்த அம்மா கேட்டார்: "டீ குடிச்சாவளா?"

"சீனி இல்லாம ரெண்டு டீ."

"ரெண்டா? பசிச்சிருக்கும்" என்று சொல்லி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

போலீஸில் சொன்னோம். காட்டுக்குள் போய்த் தேடினார்கள். அதற்குள் நாலு மழை பெய்திருந்தது. இன்று வரை ஒரு துப்பும் இல்லை.

வருடா வருடம் சொந்தக்காரர்கள் வந்து, கார் நின்ற நாளையே கணக்கு வைத்துத் திதி கொடுத்துவிடலாம் என்கிறார்கள். போன தடவை, திருத்திய படத்தைப் பிரிண்ட் எடுத்து அந்த அம்மா வீட்டில் கொடுக்கப் போயிருந்தேன். என் எதிரிலேயே சொன்னார்கள்.

"அன்னைக்கு அவிய உசுரோட இருந்தாவ" என்றார் அந்த அம்மா. "மறுநாளு டீ குடிச்சாவ. அதுக்கப்புறம் எந்த நாளுன்னு சொல்லுங்க, குடுக்கேன்."

டீக்கடைச் சுவரில் சரியான முகம் இருந்திருந்தால் அந்த மறுநாளுக்கு அடுத்த நாளே யாராவது அவர் பின்னால் போயிருப்பார்கள். நான் செருப்பைத் தேடுகிற மாதிரி வெளியே வந்து நின்றேன்.